நாலாம் நம்பர் வண்டியின் சிவப்புப் பட்டை

அனிஷாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும், "இதை யாரு பாக்கப் போறா?" என்று கேட்பாள். கரண்ட் பில்லைக்கூட விட்டுவைக்க மாட்டாள். அந்தக் கேள்விதான் பின்னாளில் அவளுக்குச் சோறு போட்டது.

தாராவியில் பிறந்து, மாட்டுங்காவில் பி.காம். முடித்து, ஒரு கூரியர் கம்பெனியில் ஆறு வருஷம் கம்ப்யூட்டரில் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் நாற்பது பக்கம் அச்சாகி மேனேஜர் அறைக்குப் போகும். ஒருநாள் அந்த அறைக்குள் போனவள், அவள் தட்டிய நாற்பது பக்கமும் ஆடுகிற தண்ணீர்க் கேனுக்கு முட்டுக்கொடுத்துக் கிடப்பதைப் பார்த்தாள். வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். இவளுக்கோ, எப்படிக் கொடுத்திருந்தால் இந்த மனுஷன் படித்திருப்பான் என்று யோசனை ஓடியது.

அந்த யோசனையை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே படித்தாள். இப்போது முப்பத்தைந்து வயதில், கம்பெனி கம்பெனியாகப் போய் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ரிப்போர்ட் வடிவமைக்கச் சொல்லித்தருகிறாள். குவிந்து கிடக்கும் எண்களை, முதலாளி திரையைப் பார்த்ததும் ஒரு முடிவுக்கு வருகிற மாதிரி படமாக்கும் வேலை. இவள் வகுப்பில் முதல் நாள் லேப்டாப்பைத் திறக்கவே விடமாட்டாள். பார்க்கப்போகிறவர் உட்கார்ந்து பார்ப்பாரா, நின்றுகொண்டா என்பதிலிருந்து ஆரம்பிப்பாள்.

போன மழைக்காலத்தில் ஆண்டாப் ஹில்லில் ஓர் இட்லிமாவு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. சனிக்கிழமைகளில் ஆறு பேருக்கு வகுப்பு. கம்பெனியின் சொந்த விவரங்களை வைத்தே அனிஷா ஒரு மாதிரி ரிப்போர்ட் செய்து சுவரில் ஓடவிட்டாள். கடைகளுக்குப் போன மாவு பாக்கெட்டுகளில், பொங்கி வீணாகி எந்த வண்டியில் எத்தனை திரும்பி வருகின்றன என்று காட்டும் படம். மூன்று வண்டிகளுக்குக் குட்டையாகப் பச்சைப் பட்டை. தாராவிக்குப் போகும் நாலாம் நம்பர் வண்டிக்கு மட்டும் கூரையைத் தொடுகிற சிவப்பு.

முதலாளி பத்ரிநாராயணன் எட்டிப் பார்த்தார். நின்றுகொண்டுதான் பார்த்தார்.

"பேஷ்! இத்தனை நாளா இது நேக்குத் தெரியலையே. திங்கக்கிழமையிலேர்ந்து தாராவி லைன் வேண்டாம். சுடலைக்கண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன்" என்று போய்விட்டார்.

சுடலைக்கண்ணன் நாலாம் நம்பர் வண்டிக்காரர். டெம்போ அவருடையது, லைன் போனால் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். முதலாளியைத் திரும்பக் கூப்பிட அனிஷா வாசல்வரை போனாள். ஆனாலும் ரிப்போர்ட் பேசியதை அவள் எப்படி மறுப்பாள்?

அப்போதுதான், வகுப்பில் வாயே திறக்காத ஷாலினி கையைத் தூக்கினாள். சப்ளை பிரிவில் வேலை பார்க்கும் பெண்.

"மேடம், கேட் ரிஜிஸ்டர்ல நாலாம் நம்பருக்கு நேரா பதினோரு எடத்துல கேழ்வரகு மாவுன்னு இருக்கு. உங்க ரிப்போர்ட்ல அது இல்லையே?"

"அது தப்பான என்ட்ரிம்மா. கேழ்வரகு மாவு மாட்டுங்காவுக்கு மட்டும்தான போகுது? அதான் எடுத்துட்டேன்."

"அனுப்பாத சரக்கு எப்படி மேடம் திரும்பி வரும்?"

நல்ல கேள்வி. அனிஷா கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஊருக்கெல்லாம் சந்தேகப்படச் சொல்லித்தருகிறவள், படம் அழகாக வர வேண்டுமென்று பதினோரு வரியை அழித்திருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. "சர்ச்சுக்கு வராம மாவு வண்டியில ஏறப் போறாளாம்" என்று அம்மா லூசியம்மாள் முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல், காலை ஆறு மணிக்கு டெம்போவின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சுடலைக்கண்ணனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. டீச்சரம்மா வண்டியில் வருவதே அவருக்குப் பெருமையாக இருந்தது. தாராவியில் பதினெட்டுக் கடை. எல்லாக் கடையிலும் சேர்த்துத் திரும்பியது ஒன்பதே பாக்கெட்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சிவப்பெல்லாம் எங்கிருந்து வந்தது?

திரும்பும் வழியில் கிங்ஸ் சர்க்கிளில் வண்டி நின்றது. மற்ற மூன்று வண்டிகளும் அங்கே காத்திருந்தன. ஆட்கள் மளமளவென்று பிளாஸ்டிக் கிரேட்டுகளை இறக்கி இந்த டெம்போவில் ஏற்றினார்கள். எல்லாம் பொங்கிப்போன மாவு.

"என்ன அண்ணாச்சி இது?"

"அவனுவ முக்காவாசி நாளு இங்கனயிருந்தே வாஷி மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு எடுக்கப் போவானுவ டீச்சர். நான் மட்டுந்தான கம்பெனிக்குத் திரும்புதேன். வண்டி காலியாத்தான போவுது?"

"எல்லாத்தையும் ஒங்க நம்பர்லல்லா எழுதுதாவ!" என்று அனிஷாவும் அவர் பேச்சிலேயே பதறினாள்.

"எழுதிட்டுப் போறான். யார் நம்பர்ல எழுதுனா என்ன, நாத்தம் ஒண்ணுதான?" என்று சிரித்தார்.

அந்த மனுஷனின் சிரிப்பைப் பார்த்து அனிஷாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கம்பெனி கேட்டில் இறங்கினாள். ஒவ்வொரு கிரேட்டிலும் கடைப்பெயர் எழுதிய துண்டுச்சீட்டு இருந்தது. வாட்ச்மேன் வண்டி நம்பர், மாவு வகை, எண்ணிக்கை மட்டும் ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டு, சீட்டைக் கம்பியில் குத்தினான். ஒரு மாதத்துச் சீட்டுகள் அங்கே தொங்கின. அவற்றை இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம். ஷாலினிக்குப் போன் போட்டு வரவழைத்தாள். இருவரும் சாயங்காலம்வரை உட்கார்ந்து அந்தச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் தட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை, சுடலைக்கண்ணனைக் கூப்பிடுவதற்கு முன் பத்ரிநாராயணனைப் பிடித்து அந்த ஆறு பேர் முன்னால் நிறுத்தினாள்.

"சார், தப்பு என்னுது. வண்டியை வச்சுப் பிரிச்சேன், கடையை வச்சுப் பிரிச்சிருக்கணும். ஒத்துவராத வரிகளை ஏன்னு கேக்காம அழிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் புதுப் படத்தைப் போட்டாள். தாராவியின் பட்டை கண்ணுக்கே தெரியாத உயரத்துக்கு இறங்கியிருந்தது. சிவப்பு இப்போது செம்பூர் லைனில் நின்றது.

பத்ரிநாராயணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லவேளை, சுடலை தப்பிச்சான். செம்பூர் நயினாரோட லைனாச்சே. அப்போ அவனை நிறுத்திடலாமா?"

அனிஷா வாயெடுப்பதற்குள் ஷாலினி எழுந்துவிட்டாள்.

"ஒரு நாள் பொறுங்க சார். நாளைக்கு நான் நயினார் அண்ணன் வண்டியில போயிட்டு வாரேன். வந்து சொல்லுதேன்."

முதலாளி அனிஷாவைப் பார்த்தார். அனிஷா ஷாலினியைப் பார்த்தாள். பாராட்ட நினைத்து வாயைத் திறந்தவளுக்கு வேறொன்றுதான் வந்தது.

"ஆறு மணிக்கே கெளம்பிருவாங்க. நல்ல செருப்பாப் போட்டுட்டுப் போம்மா, கிரேட்டுக்கு அடியில மாவு வழுக்கும்" என்றாள்.