ஓடாத ஆசிலேட்டருக்கு நூற்றுக்கு நூறு

போன திங்கட்கிழமை ஆபீஸில் எல்லாருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தேன். ஒரு டீகூட வாங்கித் தராத ஆள் நான். விஷயம் எவ்வளவு பெரியது என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், விதைக் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் நான்கு பேர். மிளகாய்க் காட்டில் மண்ணின் ஈரத்தை அளந்து ரேடியோவில் சொல்லும் சிலிக்கான் சில்லு ஒன்றை டிசைன் செய்கிறோம். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அது ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். போன பிறகு தப்பு தெரிந்தால்? ஆறு மாத உழைப்பு குப்பைக்கு. சிலிக்கானை ரப்பர் வைத்து அழிக்க முடியாது.

அதில் ஆசிலேட்டர் — சில்லுக்குள் தாளம் போடும் சர்க்யூட் — என் பொறுப்பு. டிரான்சிஸ்டர் என்றாலே கொஞ்சம் இரைச்சல் உண்டு. அது தாளத்தை ஒரு நேரம் முந்த வைக்கும், ஒரு நேரம் பிந்த வைக்கும். இந்தத் தடுமாற்றத்துக்குப் பெயர் ஃபேஸ் நாய்ஸ். அதிகமானால் ரேடியோ பக்கத்து சிக்னலையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும்.

சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கும் சிமுலேட்டரில் ஓட்டினேன். தடுமாற்றம் கிட்டத்தட்ட பூஜ்யம். சில்லைக் கேட்ட சென்னைக் கஸ்டமருக்கு உடனே கிராஃபை அனுப்பினேன். அப்புறம்தான் காராச்சேவு.

கூட வேலை பார்க்கும் விளாத்திகுளம் பாத்திமா இரண்டு கை அள்ளித் தின்று முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இது ஓடுதா?"

"எது?"

"உங்க ஆசிலேட்டர்."

"தடுமாற்றமே இல்லைங்கேன்... ஓடுதான்னு கேக்கியே?"

"ஓடாதது எங்கன தடுமாறும்?"

பார்த்தேன். திரையில் ஏறி இறங்கித் தாளம் போட வேண்டிய கோடு, உழாத காடு மாதிரி நேராகக் கிடந்தது.

நிஜத்தில் ஆசிலேட்டரைக் கிளப்பிவிடுவதே அந்தச் சின்ன இரைச்சல்தான். சிமுலேட்டரோ இரைச்சலைப் பிறகுதான் தனியாகக் கணக்கிடும்; ஓட்டும்போது சர்க்யூட்டின் இரண்டு பக்கமும் அச்சு அசலாகச் சமம். தட்டிவிட ஆள் இல்லை. முனையில் நிறுத்திய பென்சில் போல அப்படியே நின்றுவிட்டது. நிற்கிற சர்க்யூட்டின் இரைச்சலை அளந்து, ஃபேஸ் நாய்ஸ் என்று பெயர் வைத்தது யார்? நான்தான். ஓடவில்லை என்று எச்சரிக்கை ஒன்று திரையில் வந்திருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

வேலையே செய்யாதவன் மேல் குறை வராது. நம் ஊரில் பல பேர் இப்படித்தான் நல்ல பெயரோடு ரிட்டயர் ஆகிறார்கள்.

"கிராஃபைப் பாத்ததுமே உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"சேவு வாரட்டும்னு இருந்தேன்."

கோபத்தில் காது சூடானது. யார் மேல் காட்ட?

முறையான வழி வேறு. முதலில் சர்க்யூட்டைத் தட்டிக் கிளப்பி, ஒரே மாதிரி சுற்ற விட வேண்டும். சிமுலேட்டர் ஒரு சுற்றைத் துல்லியமாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தச் சுற்றின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சின்ன இடி கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடும். ஊஞ்சல் வேகமாகக் கீழே வரும்போது தள்ளினால் உயரம்தான் மாறும். முனையில் திரும்பும்போது தட்டினால் நேரம் தப்பும். உயரம் தானாகச் சரியாகிவிடும். தப்பிய நேரத்தைத் திருப்பித் தர யாரும் இல்லை... சேர்ந்துகொண்டே போகும். அந்தச் சேர்மானம்தான் ஃபேஸ் நாய்ஸ்.

அப்படிப் போட்டதும் உண்மை வந்தது. தடுமாற்றம் கஸ்டமர் சொன்ன எல்லையைத் தாண்டி நின்றது. இரண்டு நாள் பாத்திமாவும் நானும் மல்லுக்கட்டினோம். தாளம் பலமானால் இரைச்சலுக்கு அவ்வளவாக அசையாது என்று ஆசிலேட்டருக்குக் கரண்டைக் கூட்டினோம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், வேறு வழியில்லை. வியாழக்கிழமை, நூலிழையில் எல்லைக்குள் வந்தது.

புது கிராஃபை அனுப்பி, முதலில் அனுப்பியது என் தப்பு என்று எழுதினேன். கஸ்டமர் போன் செய்தார்.

"சார், பழசுதானே நல்லா இருக்கு? அதையே ஃபேக்டரிக்கு அனுப்பிடலாமே."

"தாராளமா அனுப்பலாம். பேட்டரி தின்னாது, தடுமாறாது. வேலையும் செய்யாது."



"புதுசையே அனுப்பிடுங்க சார்."