அம்மா தலை தூக்கும் வரை

துறைமுகத்தின் பாதுகாப்புப் பிரிவில் ஓய்வு பெற்றவன் நான். ஒரு கோப்பு எந்தெந்த மேசையில் தூங்கும் என்பது எனக்கு அத்துப்படி. அதனால் யாருக்கும் பயனில்லை.

நெட்டுக்குப்பத்துத் தொடக்கப் பள்ளியில் வாரம் ஒருநாள் கணினிச் சிந்தனை சொல்லித்தருகிறேன். கணினிகள் வந்திருந்தன, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட ஆளில்லாததால் பெட்டி பிரிக்கவில்லை. ஆகவே காகிதம்தான். எந்த வேலையையும் படிப்படியாக எழுது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதானால், எப்போது நிறுத்துவது என்றும் எழுது.

தொழிற்சாலைப் பக்கமிருந்து வாயு நாற்றம் வந்தால் என்ன செய்வாய் என்று எழுதச் சொன்னேன். காகிதத்தில் எல்லாரும் காற்றுக்குக் குறுக்கே ஓடினார்கள். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும், 'ஆத்துக்கு ஓடு. அம்மாவைக் கூப்பிடு. மறுபடி கூப்பிடு' என்று எழுதியிருந்தாள். அவள் அம்மா கழிமுகத்தில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பவள்.

"எப்போ நிறுத்துவே? அம்மா பதில் சொல்ற வரைக்குமா?"

வகுப்பு சிரித்தது.

"வாயில பறிய கவ்விகினு கீது சார். எப்டி பதில் சொல்லும்?" என்றாள் சிறுமி.

"சாரு எறாவ தட்டுலதான் பாத்துகீறாரு," என்றான் பின்வரிசைப் பையன்.

பறி என்பது பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அது பல்லில் தொங்கும்.

"எறாவ பையில போடசொல்லோ தல தூக்கும் சார்," என்றாள் அவள்.

அதை வைத்துப் பிள்ளைகளே ஒன்றை வடிவமைத்தார்கள்: பள்ளி மாடியில் உயரமான மூங்கில், நாற்றம் வந்தால், தலை தூக்கும் அம்மா கண்ணில் படும்படி அதில் சிவப்புத் துணி. மாடியில் கம்பம் நட பொறியாளர் அனுமதி வேண்டும் என்றார் தலைமையாசிரியை. விதி அப்படித்தான். விண்ணப்பத்தைச் சரியான மேசையில் கொடுத்தேன், அங்கும் தூங்கியது. மூங்கில் கணினிப் பெட்டிகளோடு அறையில் கிடந்தது.

மழை விட்ட ஒரு முற்பகலில் நாற்றம் வந்தது. கண் எரிந்தது. பிள்ளைகள் எழுதியபடியே ஓடினார்கள். ஒதுங்கிய இடத்தில் எண்ணிப் பார்த்தபோது ஒருத்தி குறைந்தாள். அவளும் எழுதியபடியே ஓடியிருந்தாள். அம்மா தலை தூக்கியபோது, மகள் கரையில் விழுந்து கிடந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். குரல் மட்டும் காற்றாகத்தான் வருகிறது. அம்மா இப்போது பறியை இடுப்பில் கட்டிக்கொள்கிறாள். அது நீரில் மிதந்து பாதி இறால் தப்பிவிடுகிறதாம். மூங்கிலுக்கு அனுமதி வந்துவிட்டது. துணியை ஏற்றும் அதிகாரம் யாருக்கு என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

போன வாரம் சிறுமி தன் காகிதத்தைத் திருத்தினாள். 'கூப்பிடு' என்பதை அடித்துவிட்டு, 'தண்ணில கல்லு போடு' என்று எழுதினாள். எப்போது நிறுத்துவது என்ற இடம் இன்னும் காலிதான்.