விரதத்தை முறித்த சீனிக்கிழங்கு

மொன்ட்ரியால் பாலத்தைக் கடந்து ஒரு மணிநேரம் போனால் அந்தச் சீனி ஆலை. இப்போது போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். தொண்ணூற்றெட்டில் அது திறந்தபோது நகரின் மொன்ட்ரியால்-நோர் பகுதியிலிருந்து விடியற்காலையில் இரண்டு வான் நிறைய வேலைக்குப் போனோம். பீட்ரூட்டின் வெள்ளைத் தம்பியான சீனிக்கிழங்கு லொறி லொறியாக வந்து குவியும். மூன்று ஷிப்டும் அடுப்பு அணையாது.

சிவாஜினி அக்காவுக்கு அங்கே இருபத்தைந்து வருடமும் ஒரே வேலை. ஒவ்வொரு லொறியிலும் கிழங்கெடுத்து, அதில் நூற்றுக்கு எத்தனை வீதம் சீனி என்று மெசினில் பார்ப்பது. அதற்கு முன்பே ஒரு துண்டை வாயில் போட்டுச் சொல்லிவிடுவார். மெசின் பிறகுதான் ஒத்துக்கொள்ளும். கந்தசஷ்டி ஆறு நாளும் மட்டும் தண்ணீர் தவிர அவர் வாயில் ஒன்றும் படாது. அந்த நாட்களில் மெசின் தனியாகப் பிழைத்துக்கொள்ளும்.

பிறகு கம்பனி கைமாறியது. வெளியிலிருந்து வரும் கரும்புச் சீனி மலிவு என்றார்கள். மூன்று ஷிப்ட் ஒன்றானது. கடைசியில் மூடுவதற்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. சஷ்டியின் ஐந்தாம் நாள் மேலாளர் கிறகரி விவசாயிகளை ஆய்வறைக்குக் கூப்பிட்டு, "உங்கள் கிழங்கில் இனிப்பே இல்லை" என்று மெசினைக் காட்டினார். பதின்மூன்று வீதம். அதற்கு முந்தின நாள்தான் அவருடைய ஆள் வந்து அந்த மெசினைத் 'திருத்திவிட்டு'ப் போயிருந்தான். விவசாயிகள் தலை குனிந்து நின்றார்கள். அக்காவுக்கு உதவியாக நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா கத்தியை எடுத்தார்.

"அக்கா, விரதமெல்லோ!" என்றேன்.

"தெரியும். முருகனோட நான் பேந்து கதைக்கிறன்."

எல்லோரும் பார்க்க ஒரு துண்டை மென்று விழுங்கினார். "பதினேழுக்குக் குறையாது. மெசின் பொய் சொல்லுது" என்று கிறகரியின் முகத்துக்கு நேரே பிரெஞ்சில் சொன்னார்.

விவசாயி வலன்ரைன் அந்தக் குவியலிலிருந்தே ஒரு பை கிழங்கை அள்ளிக்கொண்டு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாயக் கல்லூரிக்குப் போனார். அங்கே பார்த்ததில் பதினேழு புள்ளி இரண்டு.

ஆலையை மூடத்தான் செய்தார்கள். ஆனால் மூடுவதாக அனுப்பிய கடிதத்தில் கிழங்கைப் பற்றி ஒரு சொல் எழுத முடியவில்லை. 'நிர்வாகத்தின் முடிவு' என்று தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டார்கள்.

கோயிலில் ஒருத்தி அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருச விரதத்தை முறிச்சுப்போட்டீங்களே!"

"விரதம் வாற வருசமும் பிடிக்கலாம்," என்றார் அக்கா. "அண்டைக்குக் குனிஞ்ச தலையளை வாற வருசம் நிமிர்த்தேலுமோ?"