குழாயை விட்டுவிட்டு வண்டியைத் தூக்கினார்கள்

எங்கள் லைன் வீடுகளில் முதலில் நோயில் படுத்தது பக்கத்து வீட்டு அக்காதான். மத்தூர்ப் பக்கத்து ஆள். கணவர் இறந்த பிறகு பாலிடெக்னிக் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கர்நாடக எல்லையோரத் தொழிற்பேட்டைக்கு வந்தவர். நானும் அவரும் ஒரே கம்பெனியில் கையுறை தைத்தோம். கம்பெனி வேனிலும் பக்கத்துப் பக்கத்து சீட்டுதான். வெளியில் டீகூடக் குடிக்க மாட்டார். காலையில் கிண்டிய களிதான் மதியத்துக்கும். கேன்டீன் பிரியாணி நாளன்றுகூட டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைக் கிண்டல் செய்தபடி களியை உருட்டுவார்.

அவர் படுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தெருவில் சாக்கடைக்காக ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். அன்றிலிருந்து குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை. துணி துவைத்தால் துணியிலும் அந்த வாடை ஏறியது. வீட்டுக்காரரிடம் சொன்னோம். "மொதல்ல வர்ற தண்ணிய கீழ விட்டுட்டு அப்புறம் பிடிங்கம்மா" என்றார். மாநகராட்சி அலுவலகத்துக்கு நாலைந்து பெண்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனோம். "ஆள் அனுப்பறோம்" என்றார்கள். எந்த ஆளும் வரவில்லை. கேன் தண்ணீர் வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

ஒருநாள் காலையில் அக்கா வேனுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து நடக்க முடியவில்லை. "வயிறு தண்ணியா போவுது. நீ வேலைக்குப் போ" என்றார். நான் ஆட்டோ பிடித்தேன். அரசு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மாலைக்குள் எங்கள் லைனிலிருந்தே இன்னும் பல பேர் அங்கு வந்துவிட்டார்கள். அடுத்த நாள் பின் தெரு முழுக்க வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பேர், பிறகு தரையில் பாய்.

விஷயம் செய்தியில் வந்ததும் மாநகராட்சிக்கு உயிர் வந்தது. லாரி வந்தது, சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார், அவருக்கு மேலே இருப்பவர் வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் கோலம் போட்டது மாதிரி ப்ளீச்சிங் பவுடர் தூவினார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி தமிழிலும் கன்னடத்திலும் கத்திக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வாங்கும்போது "இப்படித் திரும்புங்க" என்று போட்டோ எடுத்தார்கள். குழாயை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

பெரிய அதிகாரி எங்கள் தெரு முனையில் நின்று கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் எங்க சாப்ட்டீங்க?"

முனையில் பானிபூரி வண்டி ஒன்று உண்டு. பீகார்க்காரர். எங்கள் லைனிலேயே கடைசி அறையில் மனைவி, ஒரு பெண் குழந்தையோடு குடியிருந்தார். ஷிஃப்ட் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் அங்கு நிற்பார்கள். அதிகாரியின் பார்வை அந்த வண்டி மேல் போய் நின்றது.

"சார், குழாய்த் தண்ணி நாறுது. நாங்க முன்னாடியே வந்து சொன்னோம்" என்றேன்.

"தண்ணிய டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம்மா."

"மொதல்ல படுத்தவங்க எங்க பக்கத்து வீட்டு அக்கா. அவங்க இந்த வண்டிப் பக்கமே வந்ததில்ல சார்."

"நீங்க டாக்டரா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வண்டியை லாரியில் ஏற்றினார்கள். பூரி மூட்டையைச் சாக்கடையில் கொட்டினார்கள். புளித்தண்ணீர்ப் பானையை ஒரு ஆள் காலால் உதைத்து உடைத்தான். எங்கள் ஆட்களில் சிலர் கைதட்டினார்கள். "இவனுங்க வந்துதான் ஊரே கெட்டுது" என்றார் ஒருவர். அவருடைய சொந்த ஊரும் இதில்லை. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்தான். பானிபூரிக்காரர் அந்தக் கூட்டத்தில் இல்லை. எங்கே இருந்தார் என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அக்காவுக்கு எதிர்ப் பாயில் அவர் குழந்தை கிடந்தது, தலைமாட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். அது குடித்ததும் அதே குழாய்த் தண்ணீர்தானே.

"வண்டியை எடுத்துட்டாங்க" என்று சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "இவளுக்கு நான் ஒருநாள்கூட பூரி குடுக்கல அக்கா. காரம் சாப்பிட மாட்டா" என்று குழந்தையைக் காட்டினார். யாரிடமோ சாட்சி சொல்வது போலத் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அக்கா என் கையைப் பிடித்தார். "அந்த சார்கிட்ட நான் சொல்றேன், கூட்டிட்டு வா. நான் தின்னதே இல்லன்னு சொல்றேன்" என்றார். எந்த சாரை, எங்கிருந்து கூட்டி வருவது? "நீங்க தேறி வாங்க, ரெண்டு பேரும் போய் சொல்லலாம்" என்றேன். மறுநாள் மதியம் அவருக்கு மூத்திரம் நின்றுபோனது. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தபோதே, மகள் தலையைத் தாங்கியிருக்க, போய்விட்டார்.

"அவங்களுக்கு ஏற்கெனவே சுகர் இருந்திருக்கு" என்று டாக்டர் சொன்னார். சுகர் இருந்தது உண்மைதான். சுகரோடுதான் இத்தனை வருஷம் தினமும் எட்டு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்தார். செய்தியில் சாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சுகாதாரமற்ற தின்பண்டம், உடனடி நடவடிக்கை, நிலைமை கட்டுக்குள், அவ்வளவுதான். மத்தூரில் எடுத்துப் புதைத்துவிட்டு வந்தோம்.

காரியம் முடிந்து நான் திரும்பிய வாரத்தில், எல்லோரும் ஷிஃப்டுக்குப் போயிருந்த ஒரு பகலில் ஒரு சின்ன வண்டி வந்தது. நான் உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தேன். இரண்டு பேர் முனையில் தோண்டினார்கள். போய் எட்டிப் பார்த்தேன். சாக்கடைக்குள்ளேயே குடிதண்ணீர்க் குழாய் கிடந்தது. ஜேசிபி பல் பட்ட இடம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. கறுப்புத் தண்ணீர் அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

"இதனாலதானே எங்க அக்கா செத்தாங்க?" என்று கேட்டேன்.

தோண்டியவர் நிமிரவில்லை. "என்னைக் கேக்காதீங்கம்மா. போட்டுட்டு வான்னாங்க, போடறேன்."

புதுத் துண்டுக் குழாயைப் பொருத்தி மண் தள்ளி மூடினார்கள். போட்டோ எடுக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது; செல்போனை எடுத்து வருவதற்குள் மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். மாலைக்குள் வாடை போய்விட்டது. தண்ணீர் நன்றாகவே வந்தது. இரண்டு பேர் அரை நாளில் செய்கிற வேலை அது.

நான் பார்த்ததைத் தெருவில் சொன்னேன். சிலர் உச்சுக்கொட்டினார்கள். "இப்ப நல்லாத்தானே வருது, விடு" என்றார் வீட்டுக்காரர். அக்காவின் மகளிடம் சொன்னேன். அவள், "உங்கம்மா பானிபூரி தின்னுதான் செத்தாங்களான்னு காலேஜ்ல கேக்கறாங்கக்கா" என்றாள். இரண்டு பேரும் மாநகராட்சிக்குப் போனோம். தண்ணியை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்ற பழைய பதில்தான். பெரிய அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

பானிபூரிக்காரர் குழந்தை பிழைத்ததும் அறையைக் காலி செய்துவிட்டார். பிறகு ஒருமுறை எல்லை தாண்டி அத்திப்பள்ளிச் சந்தைக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். தரையில் தார்ப்பாய் விரித்து செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்.

குழாயைத் தோண்டியதைச் சொன்னேன். உங்கள் பேரில் தப்பில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றார். "திங்கற சாமான் இனிமே வேணாம்." ஒரு ஆள் கவர் கேட்டு வந்ததும் அந்தப் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் பேசத் தொடங்கினார்.