கைராசிக்காரர் போட்ட ப்ளக்

வெடிகுண்டு என்றுதான் நினைத்தேன். சத்தியமாக! மேட்டில் ஏறிக்கொண்டிருந்த என் டாக்சியின் பானட்டுக்குள்ளிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். பின் சீட்டில் சவாரிக்கு ஏறியிருந்த ஓர் அம்மா கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ, சுட்டுட்டாங்க!" என்று அலறினார். டாக்சியில் போகிறவரை யார் வந்து சுடப்போகிறார்கள்? ஓரம்கட்டி பானட்டைத் தூக்கிப் பார்த்தால், நாலு ஸ்பார்க் ப்ளக்கில் ஒன்று இருந்த இடத்தில் இல்லை. வயரோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது இருந்த ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

ப்ளக் பறக்குமா? இத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், கேள்விப்பட்டதோடு சரி. ஓட்டைக்குள் ப்ளக்கைப் பிடித்து வைக்கிற திருகு மரை நாசமாகியிருந்தால், ப்ளக் ஒப்புக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். என்றைக்காவது ஒருநாள் என்ஜின் அதைத் துப்பிவிடும். மரை சும்மா நாசமாகாது. எவனோ ஒருவன் ப்ளக்கைக் கோணலாக வைத்து, ஸ்பேனரைப் போட்டு, மாட்டை அடக்குவது போல முறுக்கியிருக்கிறான். எனக்கு வந்ததே கோபம்! எந்தப் படுபாவி அவன்? கையில் கிடைத்தால் அவன் கழுத்தைத் திருகியிருப்பேன்.

அந்த வண்டியில் ப்ளக் மாற்றுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான், என் அக்கா புருஷன். அது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவே இல்லை. மாமாவைச் சந்தேகப்படுவதற்குப் பதில் சூரியனைச் சந்தேகப்படலாம்.

மாமாவுக்குக் கைராசிக்காரர் என்றுதான் பெயர். அவர் ப்ளக் போடுவதை நின்று பார்ப்பார்கள். ஸ்பேனரை முதலில் தொடவே மாட்டார். ப்ளக்கை விரலால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கழற்றுகிற பக்கமாகத்தான் முதலில் திருப்புவார். மரையும் மரையும் சரியாகச் சேருகிற இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் இருக்குமாம். காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும். அதற்கப்புறம்தான் உள்ளே திருகுவார். "ப்ளக்கு இரும்பு, முரட்டுப் பய. என்ஜின் ஹெட்டு அலுமினியம், பூஞ்சை. ரெண்டுக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்றது விரல்தான் மாப்ள" என்பார்.

அதே சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஒர்க் ஷாப்புகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி, மழை பெய்தால் ஒழுகுகிற மாமாவின் தகரக் கொட்டகைப் பட்டறைக்கு ஜனங்கள் வருவது அந்தக் கைக்காகத்தான். அந்தக் கை போனால் பட்டறை போச்சு, முன்னால் அக்கா நடத்தும் உதிரிபாகக் கடை போச்சு, மாடியில் குடியிருக்கும் இரண்டு அறையும் போச்சு. மாமாவே சிரித்துக்கொண்டு சொல்வார்: "இந்தக் கையைப் பார்த்துத்தான் உங்க அக்காவைக் குடுத்தாங்க. மூஞ்சியைப் பார்த்திருந்தா குடுத்திருப்பாங்களா?"

அந்த அம்மாவை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, மூன்று சிலிண்டரில் ஊரே திரும்பிப் பார்க்கத் தடதடவென்று பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். அக்கா கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடா, டிராக்டர் வாங்கிட்டியா?"

"மரை போயிடுச்சுக்கா."

"உனக்கா, வண்டிக்கா? உனக்குன்னா அது பழைய சேதி."

கொஞ்ச நாளாகவே அவள் இப்படித்தான் குஷியாக இருந்தாள். காரணத்தை என்னிடம் வாயைப் பொத்திக்கொண்டு சொல்லியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வார்த்தை கொஞ்சிப் பேசாத மனுஷன், இப்போதெல்லாம் தினம் காலையில் சட்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு அவள் எதிரே வந்து நிற்கிறாராம். 'நீயே பட்டனைப் போட்டு விடேன்' என்கிறாராம். சாப்பாடு கூட ஸ்பூனில்தானாம், துரை மாதிரி. நான் விடுவேனா? "என்ன மாமா, கிழடு தட்டுற வயசுல புது மாப்பிள்ளை ஆயிட்டீங்களாமே?" என்று பார்க்கும்போதெல்லாம் வாரினேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். வெட்கம் என்று நினைத்தேன்.

மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தார். "எந்தக் கழுதை இதுல கை வச்சது? மரையே இல்ல, மாவா அரைச்சு வச்சிருக்கான்!"

"அதானே! எவனா இருக்கும் மாமா?"

"நடுவுல வேற எங்கயாவது வண்டி விட்டியா?"

"உங்களைத் தவிர எவன் தொட்டான் இந்த வண்டியை?"

அவர் இடது கையில் டார்ச்சோடு இன்னும் குனிந்து, வலது கையை எங்கோ ஊன்றிக்கொண்டு, உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு நாற்றம் வந்தது. முடி பொசுங்குகிற நாற்றம். வயர்தான் கருகுகிறது என்று நினைத்துக் குனிந்தேன்.

வயர் இல்லை. மாமாவின் விரல்கள். மேடேறி வந்து அப்போதுதான் நின்ற என்ஜினின் சைலன்சர் குழாய் மேல் மூன்று விரல்களும் படிந்திருந்தன. மனுஷன் அசையாமல், நிதானமாக ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"மாமா! கை! ஐயோ, கை!"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். தோல் குழாயில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகுதான் கையைப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல.

"ஓ" என்றார். அவ்வளவுதான். அலறித் துடிக்க வேண்டிய ஆள் 'ஓ' என்கிறார்!

"வலிக்கலையா மாமா?"

"தெரியல மாப்ள. கொஞ்ச நாளா ரெண்டு கையுமே இப்படித்தான். நரம்பு செத்துப்போச்சாம். இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப... இந்த ப்ளக்கு?"

"நான்தான். அன்னிக்கு 'டிக்'னு விழுந்துச்சுன்னுதான் நினைச்சேன். பழக்க தோஷம், விழுந்த மாதிரியே இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி கையில ஊசி குத்தினதே தெரியலன்னதும்தான் டாக்டர்கிட்ட ஓடினேன். அதுக்கப்புறம் எந்த வண்டியிலயும் ப்ளக்கைத் தொடல, ஏதாவது சாக்கு சொல்லி அனுப்பிடுறேன்." குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காவுக்குத் தெரியாது. சொல்லிடாத."

என் வாய் ஊரறிந்த வாய். அதை நம்பிச் சொல்கிறார்! அதற்குள் என் கூச்சலைக் கேட்டு அக்கா தண்ணீரோடு ஓடிவந்துவிட்டாள். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? பார்த்து வேலை செய்யக் கூடாதா?" என்று பொரிந்துகொண்டே மருந்து வைத்துத் துணி சுற்றினாள். "நல்லவேளை, வலது கையோட போச்சு" என்றாள். நான் தகரக் கூரையில் ஓட்டை எண்ணுவது போல மேலே பார்த்துக்கொண்டேன்.

என்ஜின் ஆறியதும் வேலையை ஆரம்பித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். உலோகச் சீவல் உள்ளே விழுந்து சிலிண்டரைக் கெடுக்காமலிருக்க, மரை வெட்டுகிற 'டேப்' கருவியின் பள்ளங்களில் கிரீஸை அப்பி, கொஞ்சம் திருகி, வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி திருகி, கெட்டுப்போன மரையைப் பெரிதாக வெட்டி எடுத்தேன். கோணல் பார்த்தது அவர் கண். அப்புறம் காற்றடித்துச் சுத்தம் செய்து, உள்ளும் புறமும் மரையுள்ள 'புஷ்' வளையம் ஒன்றை அதில் இறக்கினோம். வேலை கச்சிதம். இனி ப்ளக்தான் பாக்கி.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் விரல்கள் தடி விரல்கள். குழாய்க்கும் ஹெட்டுக்கும் நடுவே அவை நுழையவில்லை. புது ப்ளக்கைக் கொண்டுவந்த அக்கா சும்மா நிற்பாளா? "தள்ளுடா தடியா" என்று என்னை இடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

"முதல்ல பின்பக்கமா திருப்பு" என்றார் மாமா. "மெதுவா. லேசா ஒண்ணு இறங்கும்."

அக்கா அவரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டாள். "இறங்கிருச்சு! ஆத்தாடி, நிஜமாவே 'டிக்'குங்குதே!" குழந்தை மாதிரி சிரித்தாள். சிரித்தபடியே அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, இடது கையில கட்டு இல்லையே. நீங்க எந்தக் கையிலயும் போடுவீங்களே. இதுக்கு ஏன் என்னைத் திருப்பச் சொல்றீங்க?"

மாமா டார்ச்சைத் துடைக்க ஆரம்பித்தார். அக்கா என் பக்கம் பார்த்தாள். என் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம். அவள் பார்வை அவருடைய கட்டுப்போட்ட கைக்குப் போனது, அங்கிருந்து இடது கைக்கு, அங்கிருந்து காலையில் அவளே போட்டுவிட்ட சட்டைப் பட்டன்களுக்கு. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

"அப்ப... பட்டன்?" என்றாள்.

மாமா தரையைப் பார்த்தார். "நீ சந்தோஷமா இருந்தியேம்மா" என்றார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். ப்ளக்கிலிருந்து அவள் கையைக்கூட எடுக்கவில்லை.

"இன்னும் எவ்வளவு திருகணும்?" என்று கேட்டாள்.

"விரலுக்கு இறுகுற வரைக்கும்."

இறுகும் வரை திருகினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி, "ஸ்பேனரைக் குடுடா" என்றாள்.