பால் டின் காகிதமும் பாதி விலைச் சீனியும்

அன்று மலாயாவில், கிள்ளான் ஊர் மளிகைக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கடைக்காரர் ராவுத்தர், காப்பிக் கடை அஞ்சலை அக்கா, என் மனைவி, பயந்தபடி நான்.

பால் டின்னில் சுற்றியிருக்கும் காகிதம் இருபது கொடுத்தால் இரண்டு காத்தி, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல், சீனி பாதி விலை என்று ராவுத்தர் சொல்லியிருந்தார். மறுநாள் தீபாவளி. முழு விலைக்கு என்னிடம் காசில்லை. சீனி இல்லாவிட்டால் வீட்டில் பலகாரமும் இல்லை. அதனால் அக்கா கடைக்குப் பின்னால் கிடந்த காலி டின்களிலிருந்து, கேட்காமலே, காகிதத்தை உரித்து வந்திருந்தேன்.

ராவுத்தர் எண்ணும்போது அக்கா எட்டிப் பார்த்தார். "எல்லாத்துலயும் காப்பிக் கறையா இருக்கே! ஏன் தம்பி, வீட்டுல அவ்வளவு காப்பியா குடிக்கிறீங்க?"

போலீஸ் வரைக்கும் யோசித்துவிட்டேன். "உங்க டின்தான் அக்கா," என்றேன்.

"நாலு வீட்டுல கேட்டு வாங்கினேன்னீங்க!" என்று மனைவி முறைத்தாள்.

அக்கா சிரித்துவிட்டார். "குப்பைதானே லா! அண்ணே, சீனியக் கொடுங்க. மிச்சமாகுற ஆறு காசுல பாதி எனக்கு."

கேட்டிருந்தால் அக்கா அள்ளிக் கொடுத்திருப்பார். கேட்கத்தான் எனக்குப் பயம். இப்போது கொஞ்சம் கேட்கப் பழகியிருக்கிறேன்.

பலகாரம் கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டார். காசை நீட்டினால் மட்டும், "அடுத்த தீபாவளிக்குப் பாத்துக்கலாம்," என்கிறார். மூன்று காசு இன்னும் பாக்கி.