முகர்ந்து பார்க்காமல் எழுதிய எண்

பாசுண்டாங் ஓடை பொங்கி, தாகேதாவில் எங்கள் வீட்டுக் கட்டில் கால்வரை தண்ணீர் நின்றதே, அது வடிந்த மறுமாதம்தான் என் பேத்திக்கு வேலை கிடைத்தது. அந்தத் தண்ணீரில் அரிசி மூட்டை போனது. என் நல்ல கைலி இரண்டும் போயின. பேத்தியின் பட்டமளிப்புப் படத்தை மட்டும் என் மகள் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கறுப்பு அங்கி, தங்கநிறச் சட்டம். சாமி படத்தைவிடப் பெரிது. இந்த ஊரில் பட்டம் வாங்கிய பிள்ளை இருக்கிற வீடெல்லாம் அப்படித்தான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர் எழுதுகிறார். போட்டாதாங் துறைமுகப் பக்கம் ஓர் எண்ணெய்க் கிடங்கில் பீப்பாய் உருட்டியே கிழவனானவன் நான். ரசாயனம் படித்த பெண், எண்ணெயைச் சோதித்துச் சொல்வாள் என்று முதலாளி பாயிடம் கெஞ்சினேன். இரண்டு மாதம் பார்க்கிறேன், சரியாகச் செய்தால் நிரந்தரம் என்றார். தையல் வேலையில் என் மகளுக்குக் கண் போய்விட்டது. பேத்தியின் வேலையை நம்பித்தான் வீடு.

கடலை எண்ணெய் பழசானால் புளிப்பு ஏறும். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு புளிப்பு என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதினாள். ஒருநாள் அவள் நல்லது என்று எழுதியிருந்த பீப்பாயைத் திறந்தேன். சிக்கு வாடை அடித்தது.

"இதச் சோதிச்சியாம்மா?"

"எழுதிட்டேனே தாத்தா."

"சோதிச்சியான்னு கேட்டேன்."

"யூனிவர்சிட்டில சொல்லிக்குடுக்கற சயாமா மொதல்லயே நம்பர போர்டுல எழுதிருவாங்க. அதே நம்பர் வந்தாத்தான் மார்க்கு. வேற வந்தா நாம தப்பா செஞ்சோம்னு அர்த்தம். இங்கயும் புத்தகத்துல இருக்கற நம்பரத்தான் எழுதுனேன்."

"மருந்து விடுற குழாயத் தொட்டதே இல்லையா?"

"நாப்பது பேருக்கு ஒண்ணு தாத்தா. ஒடைஞ்சிரும்னு பீரோல பூட்டிருவாங்க."

பீப்பாய் நாற்றத்தைவிட அந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் எழுதுகிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒழுங்காகப் படித்த பிள்ளை. அவளுக்குப் படிப்பித்ததே அதைத்தான்.

மூடியை மறுபடி மூடிவிடலாமா என்று கொஞ்சம் நின்றேன். ஆனால் அந்த எண்ணெய் இன்சீன் சந்தைப் பலகாரக் கடைகளுக்குப் போகிறது. பாயைக் கூப்பிட்டேன். முகர்ந்தார். காறித் துப்பினார்.

"பெரியவரே, ஒங்க பேத்திக்கு மூக்கு இல்லையா?"

"இருக்கு பாய். யூனிவர்சிட்டில அதுக்கு மார்க் இல்லையாம்."

பாய் சிரிக்கவில்லை. "நாளைலருந்து வர வேணாம்னு சொல்லிருங்க."

இப்போது அவள் ஒரு துணிக்கடையில் மடித்து அடுக்குகிறாள். படம் சுவரில்தான் இருக்கிறது. நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது யூனிவர்சிட்டியில் பாடம் நடத்தினால் இதைச் சொல்லிவிடுங்கள். அந்த பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது பிள்ளைகள் கையில் கெட்ட எண்ணெயைக் கொடுத்து, கெட்டது என்று எழுதுகிற பிள்ளைக்கு மார்க் போடச் சொல்லுங்கள்.